வியன்னாவில் அத்தை தூங்கிய நாட்கள்

படுக்கை விரிப்பின் ஒரு முனையை அந்தப் பணிப்பெண்ணும் இன்னொரு முனையை என் மாமியாரும் பிடித்துக்கொண்டு நின்ற காட்சிதான் வியன்னா என்றதும் எனக்கு முதலில் நினைவுக்கு வருகிறது. ஒரு காலத்தில் ஏதோ இளவரசரின் மாளிகையாக இருந்து பிறகு ஹோட்டலாக மாறிய கட்டடம் அது. அறையின் கூரையில் தங்கப்பூச்சுக் கொடிகள் ஓடின. ஜன்னலுக்குக் கீழே அகலமான சாலை. இருபுறமும் மரங்கள், நடுவில் சத்தமில்லாமல் போகும் டிராம் வண்டிகள். காலை உணவு முடிந்து அத்தை ஜன்னலோரம் உட்கார்ந்திருந்தார். பணிப்பெண் வந்து பழைய விரிப்பை உருவிவிட்டுப் புதியதை உதறியதுதான் தாமதம், அத்தை எழுந்து போய் எதிர்ப்பக்கம் நின்றுகொண்டு முனையைப் பிடித்து இழுத்தார். மெத்தையைத் தூக்கி விரிப்பை அடியில் மடித்துச் செருகவும் செய்துவிட்டார். அந்தப் பெண் பதறிப்போய், “நோ, நோ, மேடம், ப்ளீஸ்” என்றாள். அத்தை தன் கையையே ஒரு கணம் பார்த்தார். பிறகு விரிப்பை விட்டுவிட்டு என் பக்கம் திரும்பி, “கை தானா போயிடுச்சும்மா” என்றார்.

திருச்சி மத்திய பேருந்து நிலையத்துக்கு எதிர்ச் சந்தில் எங்கள் குடும்பத்துக்கு ஒரு லாட்ஜ் இருந்தது. முப்பது சொச்சம் அறைகள். மாமனார் கட்டியது. அவர் நாற்பது வயது தாண்டியதுமே இறந்துவிட, இரண்டு சிறு பையன்களை வைத்துக்கொண்டு அத்தை அந்தக் கவுண்டரில் போய் உட்கார்ந்தார். அப்போதெல்லாம் லாட்ஜ் கவுண்டரில் ஒரு பெண் உட்காருவது யாரும் பார்த்திராத காட்சி. ஆஸ்பத்திரியில் கிடப்பவர்களுக்குத் துணையாக வந்தவர்கள், கோர்ட்டு கேசுக்காக மருங்காபுரியிலிருந்தும் துறையூரிலிருந்தும் வரும் விவசாயிகள், பரீட்சை எழுத வரும் பிள்ளைகளும் அவர்களைக் கூட்டிவரும் அப்பாக்களும், மருந்துக் கம்பெனி ஆட்கள், சமயபுரத்துக்கும் ஸ்ரீரங்கத்துக்கும் சேவிக்க வந்தவர்கள் என்று அந்தக் கவுண்டர் முன்னால் ஓயாமல் யாராவது நின்றுகொண்டிருப்பார்கள். காலையில் ஸ்ரீரங்கத்து வீட்டில் சமையலை முடித்துவிட்டு, காவிரிப் பாலத்தைத் தாண்டிப் பஸ்ஸில் போவார். கடைசி வருடங்களில் காரில். அறையெல்லாம் தன் கண்ணால் பார்க்காமல் சாவி கொடுக்க மாட்டார். வாழ்நாள் முழுக்க ஊரார் படுக்கைக்கு விரிப்பு மாற்றிக்கொண்டிருந்த அவர், ஒரு நாளும் எந்த ஹோட்டலிலும் தங்கியதில்லை. மதுரையில் கல்யாணம் என்றாலும் அன்றைக்கே திரும்பிவிடுவார். “நம்ம கட்டில் காலியா கெடக்க, இன்னொருத்தன் கட்டில்ல போய்ப் படுக்கறதா?” என்பார்.

அப்படிப்பட்டவருக்குத்தான் எழுபதாவது பிறந்தநாள் பரிசாக வியன்னா பயணத்தை ஏற்பாடு செய்தார்கள் மகன்கள் இருவரும். பெரியவர் என் கணவர். மனை வாங்கி விற்கிற தொழில். கொழுந்தனார் கட்டட வேலை எடுத்துச் செய்பவர். ஏதோ ஒரு கூட்டத்துக்காக வியன்னா போய் வந்திருந்த கொழுந்தனார், “ரொம்ப அமைதியான ஊரு. அம்மாவுக்குப் பிடிக்கும்” என்றார். விமானத்தில் படுத்துக்கொண்டே போகிற வகுப்பு, மாளிகை ஹோட்டல், நாள் முழுக்கக் கார், இசை நாடக அரங்கில் உட்கார்ந்து பார்க்கத் தனி மாடம் என்று எதிலும் குறை வைக்கவில்லை. “நீ அம்மாகூட போ. எங்க ரெண்டு பேருக்கும் இங்க வேலை இருக்கு” என்று என்னிடம் சொன்னார் கணவர். அத்தை ஒரேயடியாக மறுத்துவிடுவார் என்றுதான் எல்லோரும் நினைத்தோம். அவரோ சாப்பிட்டுக்கொண்டிருந்த தட்டிலிருந்து நிமிராமல், “சரி, போறேன்” என்றார். அந்த ஒரு சொல்லில் ஏதோ இருந்தது என்று இப்போது தோன்றுகிறது. அப்போது எனக்கு அதைக் கவனிக்க நேரமில்லை. இரண்டாவது குழந்தை பிறக்கும்வரை ஒரு பள்ளிக்கூடத்தில் வரலாறு நடத்தியவள் நான். பாடப்புத்தகத்தில் தபால்தலை அளவுக்கு அச்சடித்திருந்த அரண்மனைகளைக் காட்டிப் பேரரசுகளைப் பற்றிப் பேசியிருக்கிறேன். அவற்றில் ஒன்றின் படியில் கால் வைக்கப் போகிறேன் என்ற நினைப்பே எனக்குப் போதுமானதாக இருந்தது.

விமான நிலையத்தில் எங்கள் பெயர் எழுதிய பலகையோடு கோட்டு போட்ட டிரைவர் நின்றார். அறையில் பூங்கொத்து, பழத்தட்டு, அத்தையின் பெயர் எழுதிய வாழ்த்து அட்டை. எந்த மாதிரித் தலையணை வேண்டும் என்று தேர்ந்தெடுக்க ஒரு அட்டை வைத்திருந்தார்கள், நான் படித்துச் சொன்னதும், “தலகாணிக்குமா மெனு?” என்று அத்தை சிரித்தார். அந்தப் பயணத்தில் அவர் முதல் தடவையாகச் சிரித்தது அப்போதுதான். அன்று மாலை இசை நாடகத்துக்குப் போனோம். சிவப்பு வெல்வெட் போர்த்திய மாடம், ஆயிரம் கண்ணாடித் துண்டுகளோடு தொங்கும் விளக்கு, கீழே பட்டுடுத்திய கூட்டம். திரை விலகி ஒரு பெண் உச்சக்குரலில் பாடத் தொடங்கினாள். திரும்பிப் பார்த்தேன், அத்தை தூங்கிக்கொண்டிருந்தார். மறுநாள் அரண்மனையில் ஒவ்வொரு கூடத்தின் மூலையிலும் உட்கார இடம் தேடினார். உட்கார்ந்த இடத்திலெல்லாம் தலை சாய்ந்தது. ஆற்றில் படகு போனபோதும் அப்படித்தான். அதன் பிறகு, “நீ போயிட்டு வாம்மா. நான் படுத்துக்கறேன்” என்றுவிட்டார். கார் எனக்காக மட்டும் வந்து நின்றது. அருங்காட்சியகத்தில் தனியாகச் சுற்றினேன். எந்தப் படத்தின் முன்னால் நின்றாலும், அறையில் தனியாக இருக்கும் வயதானவரின் நினைப்பு வந்தது. கூடவே எரிச்சலும் வந்தது. தூங்குவதற்கா இவ்வளவு தூரம் வந்தோம்? மதியத்துக்குள் கால் கடுக்கத் திரும்பி வந்து, அவர் பக்கத்தில் இருந்த நாற்காலியில் நானும் சாய்ந்துவிடுவேன்.

அவர் தூங்கியதை அப்படிப் பார்த்ததே எனக்குப் புதிது. எங்கள் வீட்டில் அவர் தூக்கம் எப்போதும் அரைத் தூக்கம்தான். தலைமாட்டில் போன் இருக்கும். லாட்ஜில் மோட்டார் ஓடவில்லை, யாரோ குடித்துவிட்டுச் சத்தம் போடுகிறார், போலீஸ் வந்திருக்கிறது என்று எப்போது வேண்டுமானாலும் அழைப்பு வரும். முதல் மணியிலேயே எழுந்து உட்கார்ந்துவிடுவார். வியன்னாவில் அவர் போனை அணைத்துப் பெட்டிக்குள் போட்டிருந்தார். பணிப்பெண் வந்தால்கூட இப்போது எழுந்திருப்பதில்லை. அவளும் ஓசைப்படாமல் தண்ணீர்ப் பாட்டிலை மட்டும் வைத்துவிட்டுப் போய்விடுவாள். அந்தப் பெரிய படுக்கையில் ஒரு ஓரமாக, முழங்காலை மடக்கி, வாய் லேசாகத் திறந்திருக்க, நெற்றிச் சுருக்கமெல்லாம் தளர்ந்து கிடந்தார். அது ஓய்வெடுப்பவரின் தூக்கமாகத் தெரியவில்லை. வருடக்கணக்கில் தூக்கி நின்ற பாரத்தை யாரோ இறக்கி வைத்ததும் அங்கேயே விழுந்து தூங்குகிறவரின் தூக்கமாக இருந்தது.

பயணத்தின் நடுவில் ஒரு பிற்பகல். வெளியே தூறல். நான் ஜன்னலோரம் காபி குடித்துக்கொண்டிருந்தேன். அந்த ஊரில் காபிக்கோப்பையோடு வெள்ளித் தட்டில் ஒரு டம்ளர் தண்ணீரும் வைப்பார்கள். அத்தை கண் விழித்து, கூரையைப் பார்த்தபடியே கேட்டார்.

“இந்நேரம் கட்டிலெல்லாம் எறக்கியிருப்பாங்களா?”

கனவில் பேசுகிறார் என்று நினைத்தேன். “எந்தக் கட்டில் அத்தை?”

“லாட்ஜுக் கட்டில்தாம்மா. நாம திரும்பறதுக்குள்ள காலி பண்ணிடணும்ல.”

எனக்கு ஒன்றும் புரியவில்லை. என் முகத்தைப் பார்த்ததும் அத்தை மெல்ல எழுந்து உட்கார்ந்தார்.

“உங்கிட்டயும் சொல்லலையா அவன்?” என்றார்.

அப்புறம் சொன்னார். ஊருக்கு வெளியே பஞ்சப்பூரில் புது பஸ் ஸ்டாண்டு வேலை தொடங்கியதிலிருந்தே மகன்கள் லாட்ஜை மூடிவிட வேண்டும் என்று பேசிவந்தார்களாம். பஸ் அங்கே போய்விட்டால் இங்கே யார் வந்து தங்குவார்கள். இடித்துவிட்டு வணிக வளாகம் கட்டலாம் என்பது அவர்கள் திட்டம். அத்தை பிடி கொடுக்கவில்லை. பிறகு பேச்சு நின்றுவிட்டது. சில வாரம் கழித்து, கொழுந்தனாரோடு இரண்டு பேர் லாட்ஜின் மொட்டை மாடியில் நின்று டேப் வைத்து அளந்துகொண்டிருந்ததை அத்தையே பார்த்திருக்கிறார். அதற்கடுத்த வாரம்தான் வியன்னாப் பேச்சு வந்தது.

“அப்ப தெரிஞ்சேதான் கெளம்பினீங்களா அத்தை?”

“தெரிஞ்சுதான். அவனுங்களுக்கு நான் இல்லாத பத்து நாள் வேணும். எனக்கும்தாம்மா அப்படி ஒரு பத்து நாள் வேண்டியிருந்துச்சு. இருந்தா சண்டை போடணும். சண்டை போட எனக்குத் தெம்பில்லை.”

நான் போனை எடுத்துக்கொண்டு நடைக்கூடத்துக்குப் போனேன். கணவர் உற்சாகமாகத்தான் எடுத்தார். பின்னால் இரும்பு உரசும் சத்தம் கேட்டது. “அங்க என்ன நடக்குது?” என்றேன். கொஞ்சம் தயங்கிவிட்டு, “அம்மாவுக்குத் தெரிஞ்சிருச்சா?” என்று கேட்டார். “கெளம்பறதுக்கு முன்னாடியே தெரியும். எனக்குத்தான் தெரியாது” என்றேன். “உங்கிட்ட சொன்னா நீ மூஞ்சியில காட்டிடுவே, அதான். தப்பா எடுத்துக்காத. அம்மா நேர்ல பாத்தா தாங்க மாட்டாங்க, நல்லதுக்குத்தான் பண்ணோம். நீ எதையும் மனசுல வச்சுக்காம ஜாலியா இரு” என்றார். கெஞ்சலும் அவசரமும் கலந்த அந்தக் குரலைக் கேட்டதும் போனை வைத்துவிட்டேன். அத்தைக்குத் துணையாக அனுப்பப்பட்டிருக்கிறேன் என்றுதான் அதுவரை நம்பியிருந்தேன். சாமான்களை ஒழிக்கும்போது குறுக்கே நிற்கக் கூடாது என்று அப்புறப்படுத்தப்பட்டவர்களில் நானும் ஒருத்தி. நடைக்கூடத்துக் கம்பளம் அவ்வளவு மெத்தென்று இருந்தது. அதில் நடந்து திரும்பிய என் காலடி எனக்கே கேட்கவில்லை.

நான் உள்ளே வந்தபோது அத்தை புடவை மாற்றி, மேலே கம்பளிக் கோட்டும் போட்டுத் தயாராக நின்றார். வந்த நாளிலிருந்து எங்கே கூப்பிட்டாலும் மறுத்தவர், “வா, வெளிய போலாம். அந்தக் குதிரை வண்டியில போகணும்னு சொன்னியே” என்றார். என் கண் சிவந்திருந்ததைப் பற்றி ஒன்றும் கேட்கவில்லை.

பெரிய தேவாலயத்துக்குப் பக்கத்தில் வரிசையாக நிற்கும் வண்டிகளில் ஒன்றில் ஏறினோம். தொப்பி வைத்த வண்டிக்காரர் எங்கள் முழங்கால்மேல் கனமான கம்பளியைப் போர்த்திவிட்டார். தூறல் நின்று, கருங்கல் பாவிய தெருக்கள் ஈரத்தில் மின்னின. குளம்புச் சத்தத்துக்கு நடுவே அத்தை பேசிக்கொண்டே வந்தார். அத்தனை வருடத்தில் அவர் என்னிடம் அவ்வளவு பேசியதில்லை. மாமனார் இறந்த புதிதில், தனியாக இருக்கிறவள்தானே என்று இரவில் கதவைத் தட்டிப் பார்த்துவிட்டுச் சிரித்துக்கொண்டு போனவர்களைப் பற்றிச் சொன்னார். லால்குடிப் பக்கத்திலிருந்து வந்து அறை எடுத்த ஒரு இளம் ஜோடியைப் பற்றிச் சொன்னார். ஊரில் கல்யாணத்துக்கு ஒத்துக்கொள்ளவில்லையாம். மறுநாள் கதவை உடைத்துத்தான் திறக்க வேண்டியிருந்தது. “சாவிய நான்தாம்மா குடுத்தேன். அந்தப் பொண்ணு எங்கிட்ட, ‘தண்ணி வருமா’ன்னு கேட்டா. வரும்னேன். அதுக்கப்புறம் எந்தச் சாவிய எடுத்தாலும் அவ மூஞ்சிதான். நானா மூடவும் முடியலை. இவனுங்க அப்பா கட்டினதாச்சே. யாராவது மூடிட மாட்டாங்களான்னு இருந்துச்சு. மூடறேன்னு அவனுங்க வந்தப்ப, விடவும் மனசு வரலை.” கம்பளிக்கு அடியில் என் கையைப் பிடித்துக்கொண்டார். அவர் கை சில்லென்று இருந்தது. என் கோபம் அவருக்கு உதவாது என்பது அப்போது புரிந்தது. அதைத் தாங்கிக்கொள்ளவும் அவர் இன்னொரு தெம்பைத் திரட்ட வேண்டியிருக்கும்.

மீதி நாட்களில் அவர் எனக்காகவே வெளியே வந்தார். அருங்காட்சியகத்தில் ஒரு மகாராணியின் படத்தின் முன்னால் நெடுநேரம் உட்கார்ந்திருந்தார். அத்தனை நகை, அத்தனை மடிப்பு உடை, அதற்குள் வெளிறிய ஒரு முகம். “இந்தம்மா நல்லாத் தூங்கி எத்தனை நாளாச்சோ” என்றார். நான் சிரித்துவிட்டேன், காவலர் திரும்பிப் பார்த்தார். ஆனாலும் மாலையானதும் அறைக்கு வந்து படுத்துவிடுவார். நானும் விளக்கை அணைத்துவிட்டுப் படுப்பேன். அந்த ஊரின் இசையையும் அழகையும் ரசிக்கப் போனவள், கடைசியில் அவரைப்போலவே தூங்கக் கற்றுக்கொண்டேன்.

சென்னையில் இறங்கிக் காரில் வந்தோம். சமயபுரம் தாண்டி, கொள்ளிடப் பாலம் ஏறி ஸ்ரீரங்கத்துக்குள் நுழைந்தபோது, பஸ் ஸ்டாண்டு பக்கம் போகச் சொல்வாரோ என்று எதிர்பார்த்தேன். சொல்லவில்லை. வீட்டு வாசலில் மகன்கள் இருவரும் நின்றிருந்தார்கள்.

“எப்படிம்மா இருந்துச்சு ஊரு?” என்றார் என் கணவர்.

“நல்லாத் தூங்கினேன்ப்பா.”

“அம்மா, லாட்ஜ் விஷயமா ஒண்ணு சொல்லணும்...”

“தெரியும். சாப்பிட்டியா?” என்று கேட்டுக்கொண்டே அத்தை உள்ளே போய்விட்டார். ஒத்திகை பார்த்து வைத்திருந்த சமாதானங்களை என்ன செய்வதென்று தெரியாமல் இருவரும் பெட்டிகளை இறக்கினார்கள்.

சில நாள் கழித்து லாட்ஜ் மேனேஜர் வீட்டுக்கு வந்தார். அத்தை கோயிலுக்குப் போயிருந்தார். அதனால் மேனேஜர் என்னிடம் பேசிக்கொண்டிருந்தார். பழைய ஆள், மாமனார் காலத்திலிருந்து இருப்பவர். “தம்பிங்க ரெண்டு பேருக்கும் ஆச்சரியம். வேலை பாத்தவன் ஒருத்தன்கூட தகராறு பண்ணாம கெளம்பிட்டானேன்னு. அம்மா வெளிநாடு போறதுக்கு முன்னாடியே எங்களை ஒவ்வொருத்தரா கூப்பிட்டு, தெரிஞ்ச லாட்ஜுல எல்லாம் சொல்லி வேலை போட்டுக் குடுத்துட்டாங்கங்க. துணி தொவைக்கற அம்மாவுக்குக்கூட. தம்பிங்களுக்குத் தெரிய வேணாம்னாங்க” என்றார். அவரை மட்டும் அத்தை எங்கும் அனுப்பவில்லையாம், “நீங்க என்னை மாதிரி. இனிமே உக்காருங்க” என்று சொல்லிவிட்டாராம். அவர் அதைச் சொல்லும்போது சிரித்தார். ஆனால் வெளியே போய்ச் செருப்பை மாட்டிக்கொண்டு வெகுநேரம் அப்படியே நின்றிருந்தார்.

அதோடு அத்தைக்கு நிம்மதி வந்துவிட்டது என்று எழுத ஆசைதான். வரவில்லை. வியன்னாவில் வந்த தூக்கம் வியன்னாவிலேயே நின்றுவிட்டது. வீட்டில் போன் அடிப்பது குறைந்துபோனது. அந்த அமைதியே அவரை எழுப்பியது. மதியம் கண்ணயர்ந்தால் திடுக்கிட்டு எழுந்து, “யாரோ ரூம் கேட்டு நிக்கறாங்க பாரு” என்பார். பிறகு தானே தலையை ஆட்டிக்கொள்வார். ஒருமுறை, “அந்த ஊருக்கு இன்னொரு தடவை போலாமாம்மா?” என்று கேட்டார். கணவரிடம் சொன்னேன். “பாக்கலாம், பாக்கலாம்” என்றார். அவர் கெட்டவர் இல்லை; கட்டட அனுமதிக்காக அலைந்துகொண்டிருந்தார். அவருக்கும் களைப்புதான். இன்னொரு நாள் கீரை ஆய்ந்துகொண்டிருந்தபோது, பேச்சுவாக்கில் சொல்வதுபோல அத்தை சொன்னார்: “இருந்து பாத்திருக்கலாம். கட்டில எறக்கறதக் கண்ணால பாத்திருந்தா முடிஞ்சுதுன்னு ஆயிருக்கும். பாக்காததால அது இன்னும் அங்கயே இருக்கு.” நான் கீரையை அலசினேன்.

அத்தை போய்ச் சேர்ந்து ஒரு வருடத்துக்கு மேல் ஆகிறது. புது பஸ் ஸ்டாண்டு பஞ்சப்பூரில் திறந்தாகிவிட்டது. மகன்கள் கணக்குப் போட்டது தப்பில்லை. பழைய இடத்தைச் சுற்றியுள்ள லாட்ஜுகளில் முன்னைப்போல் ஆளில்லை என்கிறார்கள். ஆனால் வணிக வளாகமும் எழும்பவில்லை. லாட்ஜை இடித்துத் தகர வேலி அடித்த அந்த இடத்தில் இப்போது கார் நிறுத்துகிறார்கள். அந்தப் பக்கம் போக நேர்ந்தால் நான் திரும்பிப் பார்ப்பதில்லை.

சென்ற மாதம் காவிரிக்கரை அம்மா மண்டபத்தில் அத்தைக்குத் திதி கொடுத்துவிட்டுக் காரில் வீட்டுக்குத் திரும்பிக்கொண்டிருந்தோம். கணவர் ஈர வேட்டியோடு ஓட்டிக்கொண்டு வந்தார். அம்மா மண்டபம் சாலையில் திருமண ஊர்வலம் ஒன்று குறுக்கே போக, வண்டியை ஓரங்கட்டி நிறுத்தினார்.

“நீ ரொம்ப ஓஞ்சு தெரியற. எங்கயாவது போயிட்டு வாயேன். உன் ஃப்ரெண்ட் யாரையாவது கூட்டிக்க. பிராக்னு ஒரு ஊரு, வியன்னாவை விட அழகுங்கறாங்க. நல்ல ஹோட்டலாப் போட்டுடறேன்” என்றார்.

நாதஸ்வரக்காரர்கள் எங்களைக் கடக்கும்வரை காத்திருந்தேன். “எதை இடிக்கப் போறீங்க?” என்று கேட்டேன்.

அவர் திரும்பிப் பார்த்தார். கோபப்படுவார் என்று நினைத்தேன்; படவில்லை. ஸ்டியரிங்கைப் பிடித்த கையைத் தளர்த்திவிட்டு, முன்கண்ணாடி வழியே சாலையைப் பார்த்தார். “தம்பிதான் ஒரு யோசனை சொல்றான்... வீட்டைப் பத்தி. அடுக்குமாடியாக் கட்டினா நமக்கு ரெண்டு ஃபிளாட் வரும். இன்னும் ஒண்ணும் முடிவாகலை” என்றார். அத்தை லாட்ஜில் உழைத்து எழுப்பிய வீடு அது. என் பிள்ளைகள் தவழ்ந்த வீடு. வேண்டாம் என்று சொல்ல வாய் வரவில்லை. எல்லாமே ஒரு நாள் போகிறதுதானே என்ற சலிப்புதான் வந்தது.

“இடிக்கணும்னா இடிங்க” என்றேன். “ஆனா நான் எங்கயும் போகலை. மொதல் செங்கல் விழும்போது எதிர்த்தாப்புல ஒரு நாற்காலி போட்டு உக்காந்திருப்பேன்.”

ஊர்வலம் போய்விட்டது. பின்னால் ஒரு டவுன் பஸ் ஹாரன் அடித்தது. அவர் வண்டியை எடுக்கவில்லை.